ஏழு இருபதுக்கு விழும் கோடு: சூட்டில் படம் கெடும் டிவியைக் கண்டுபிடிக்கும் வழி

தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீடு. ஆயா மட்டும்தான் இருந்தார். 21 இன்ச் டியூப் டிவி. சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால் ஏழு இருபது வரை படம் நன்றாக வரும். அப்புறம் மேலும் கீழும் சுருங்கி, திரையின் நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றுவிடும். சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். “சீரியல்ல மாமியாக்காரி வாயத் தொறக்கறா, கோடு வுழுந்துடுது தம்பி. என்னா பண்ணுனான்னே பாக்க முடியல” என்றார் ஆயா.

ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் கடலூர் பழைய நகரத்தில்தான் என் கடை. டிவியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, முதுகு மூடியைக் கழற்றி ஓட்டவிட்டேன். இரண்டு மணி நேரம். கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. தூசு தட்டித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் ஏழரைக்கு ஃபோன் வந்தது. மறுபடி ஆட்டோ, மறுபடி மேசை, மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை ஆட்டோ கூலியை நானே கொடுத்தபோதுதான் புத்தி வந்தது. மூடியைக் கழற்றிய நிமிஷமே அந்த டிவிக்கு நான் விசிறிவிட ஆரம்பித்துவிட்டேன், பிறகு எப்படி அதற்கு நோய் வரும்?

மூடியை மாட்டி, மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பதினெட்டாவது நிமிஷம் கோடு விழுந்தது.

அன்றிலிருந்து, சூட்டுக் கோளாறு என்று எந்த டிவி வந்தாலும் நான் முதலில் எடுப்பது கடிகாரமும் ஒரு 40 பக்க நோட்டும்தான். ஸ்க்ரூடிரைவர் அப்புறம். வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நோட்டில் என்ன எழுதுவது

போட்ட எத்தனையாவது நிமிஷத்தில் படம் கெடுகிறது, அணைத்துவைத்தால் எவ்வளவு நேரத்தில் சரியாகிறது, அறையில் அப்போது சூடு எவ்வளவு. மூன்று நாள் எழுதினால் போதும்.

மூன்று நாளும் 18, 20, 19 என்று ஒரே மாதிரி வந்தால் சூடு. 5, 50, 12 என்று தாறுமாறாக வந்தால் அது பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன், சூட்டோடு சம்பந்தமில்லை. கத்திரி வெயிலில் 12 நிமிஷம், ஐப்பசி அடைமழையில் 45 நிமிஷம் என்றால் வேறு சாட்சியே வேண்டாம்.

நிமிஷக் கணக்கு இடத்தையும் காட்டும். முதல் இரண்டு மூன்று நிமிஷத்திலேயே வந்துவிட்டால், தானாகவே சூடாகும் சின்ன உருப்படி: ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு) இல்லாத ஐசி, ரெகுலேட்டர், டிரான்சிஸ்டர், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் எல்இடி. கால் மணியிலிருந்து முக்கால் மணிக்குள் என்றால், ஹீட் சிங்க் நிதானமாகச் சூடேறி, அதில் மாட்டிய ஐசியின் காலடி ஈயமும் (காலைப் போர்டில் பற்றவைத்த சால்டர்) பக்கத்தில் ஒட்டி நிற்கும் கண்டென்சரும் சூடாகியிருக்கும். ஒரு மணிக்கு மேல் என்றால் பெட்டிக்குள் இருக்கும் காற்றே சூடாகியிருக்கிறது. அங்கே எதையும் சந்தேகப்படலாம். அணைத்த பின்னும் இதே கணக்குதான். ஒரு நிமிஷ ஓய்வில் சரியானால் சின்ன உருப்படி, அரை மணி கேட்டால் பெரியது.

இந்த இரண்டாவது கணக்கை யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை. கேட்டால், “அணைச்சுட்டு வெளிய போயிட்டோம்ணே” என்பார்கள்.

டிவிதானா என்று முதலில் பாருங்கள்

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு டிவியில் ஒன்றும் இருக்காது. செட்டாப் பாக்ஸ் ஸ்டெபிலைசர் மேல் உட்கார்ந்திருக்கும், அதன் மேல் ரிமோட், அதன் மேல் பேப்பர், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூப்போட்ட துணி. கைவைத்தால் இட்லித் தட்டு மாதிரி சுடும். படம் கெடும் நேரத்தில் ஒரு பென் டிரைவைச் செருகி ஏதாவது வீடியோ ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக ஓடினால் டிவியை விட்டுவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் மெனு வரும்போதும் அந்தக் கோடோ கறையோ இருந்து, பென் டிரைவிலும் இருந்தால் டிவிதான்.

மத்தியானம் 12-லிருந்து 3 வரைக்கும் மட்டும் உடைந்து, சாயங்காலம் தானாகச் சரியானால் மாடிக்கு ஏறுங்கள். டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி வெயிலில் காய்ந்து அலைவரிசை தடுமாறும். கடலோரத்தில் அதன் கனெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை பச்சை பூத்துவிடும், அதையும் பாருங்கள். இன்னொன்று: மார்ச் மாதத்திலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்களுக்குப் பகலில் சில நிமிஷம் படம் போய் வந்தால் யார் மேலும் குற்றமில்லை. செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் எனக்கு ஃபோன் வந்தால், “டீ குடிச்சுட்டு வந்து பாருங்க” என்று வைத்துவிடுவேன்.

டியூப் டிவியாக இருந்தால் கரண்டையும் பாருங்கள். கத்திரி இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கினால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். அதைச் சூட்டுக் கோளாறு என்று நினைத்துப் போர்டைப் பிரித்தவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்து ஒரு ரீடிங் எடுத்தாலே போதும்.

ஏன் சூட்டில் மட்டும்

மார்கழி விடியலில் எங்கள் ஊர் இருபதை ஒட்டி நிற்கும், கத்திரியில் 40 டிகிரியைத் தொடும். நல்ல உருப்படிக்கு இந்த இருபது டிகிரி ஒரு பொருட்டே இல்லை. சாகக் கிடக்கும் உருப்படிக்கு அதுதான் எல்லாம். டிரான்சிஸ்டர், ஐசி வகையறாவில் கசியும் மின்சாரம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஈயம், செம்பு, போர்டு மூன்றும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும். பத்து வருஷம் தினமும் விரிந்து சுருங்கினால் ஐசி காலைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வளைய விரிசல் விழும். குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகும்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் மட்டும் தலைகீழ். உள்ளே இருக்கும் திரவம் வற்றிப்போன கண்டென்சர் குளிரில் வேலை செய்யாது, சூடானால் கொஞ்சம் உயிர் வரும். அதனால் ‘காலையில் வராது, கால் மணி கழித்து வந்துவிடும்’ என்பதும் சூட்டுக் கோளாறுதான். திசை மட்டும் வேறு. இந்தத் திசையை முதலில் பிரித்துக்கொள்ளாமல் போர்டில் கை வைத்தால் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

கடலோரத்துக்காரர்களுக்கு மூன்றாவது வகை ஒன்று உண்டு. உப்புக்காற்று போர்டில் படிந்து, இரவு ஈரத்தை உறிஞ்சி, கால்களுக்கு நடுவே மின்சாரம் கசியும். டிவி சூடானதும் ஈரம் காய்ந்து சரியாகிவிடும். டியூப் டிவியில் பிக்சர் டியூப் தலையில் மாட்டும் ரப்பர் தொப்பி ஓரம் ‘உஸ்ஸ்’ என்று இரைந்து, படத்தில் மினுக்கென்று பொறி தெறித்து, பத்து நிமிஷத்தில் அடங்கினால் இதுதான். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது நனைந்த டிவிக்கள் இரண்டு வருஷம் வரை என்னிடம் வந்துகொண்டிருந்தன. காய்ந்துவிட்டது என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். உள்ளே கால்கள் துருவேறி அரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

மூடியைக் கழற்றுவதற்கு முன்

இந்த இடத்தை மட்டும் வேகமாகப் படிக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் பவர் போர்டில் நுழைந்ததும் பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும், சில எல்இடி டிவியில் 390 வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கின பின்னும் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் அதன் இரண்டு காலையும் ‘டப்’ என்று ஷார்ட் செய்துவிடும் வித்தையை, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டரே செய்வார்; அவர் கட்டைவிரலில் தழும்பும் இருந்தது. ஒரு குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் போட்டு அதன் வழியாக இறக்குங்கள், பிறகு மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூப் டிவியில் பிக்சர் டியூப் தலையில் 20,000 வோல்ட்டுக்கு மேல். அந்தத் தொப்பியை வேலை தெரியாமல் தொடவே தொடாதீர்கள்.

பவர் போர்டில் கரண்ட் நுழையும் பாதிக்கும் மறுபாதிக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கும், சில போர்டில் அந்த இடத்தில் வெட்டே விட்டிருக்கும். முதல் பாதி முழுக்க பிளக்கிலிருந்து நேரே வரும் மின்சாரம். அங்கே சூடு காட்டுவது, தட்டிப் பார்ப்பது எல்லாம் வேலை பழகியவர்களுக்கு மட்டும். ஓடும் டிவியில் கை வைக்கும்போது இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு. கூட ஒருத்தர் இருப்பது நல்லது.

சூட்டைக் காட்டி, குளிரைக் காட்டி

வேலைக்கு வேண்டியவை: ஹேர் டிரையர், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் சின்ன ஃபேன், அட்டை, காய்ந்த மூங்கில் குச்சி, பூதக்கண்ணாடி, மீட்டர். கூலிங் ஸ்ப்ரே கிடைத்தால் நல்லது, ஆனால் டப்பாவில் தீப்பிடிக்கும் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தீப்பிடிக்கும் வகையை ஓடும் டிவியில் அடிக்கக் கூடாது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வைப்பதும் அப்படித்தான். ஐஸ் கட்டியைப் பாலிதீனில் சுற்றி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். பாலிதீனுக்கு வெளியே வியர்த்து ஒழுகி, போர்டு புகைந்து என்னிடம் வந்தது.

முதலில் மூடி மாட்டியபடி கோளாறை வரவழையுங்கள். வராவிட்டால் மேலே அட்டைப்பெட்டி கவிழ்த்துப் பக்கத்திலேயே இருங்கள். அதைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. கோளாறு வந்ததும் மூடியைத் திறந்து, சின்ன ஃபேனின் முகத்தில் அட்டையைப் புனல் மாதிரி சுருட்டி வைத்து, போர்டின் ஒரு பாதிக்குக் காற்று விடுங்கள். சரியானால் அந்தப் பாதி. அதில் மறுபடி பாதி. இப்படியே மூன்று நான்கு தடவையில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்கு வந்துவிடலாம்.

இப்போது திருப்பிப் போடுங்கள். டிவி குளிர்ந்து நன்றாக இருக்கும்போது, ஓர் அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக ஹேர் டிரையர் காற்று ஒரே உருப்படி மேல் மட்டும் படும்படி காட்டுங்கள். அட்டை இல்லாமல் காட்டினால் பத்து உருப்படிகள் ஒன்றாகச் சூடாகி ஒன்றும் தெரியாது. அரை நிமிஷம் போதும். நல்ல உருப்படியையும் 100 டிகிரிக்குச் சுட்டால் அழத்தான் செய்யும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சூடு அளக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தில் நேரே அளக்காதீர்கள், உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளங்கள்.

குளிரவைத்தால் சரியாக வேண்டும், சூடாக்கினால் கெட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது குற்றவாளி. ஒன்று மட்டும் நடந்து நான் மாற்றிய உருப்படிகளில் பாதி வீண் செலவு.

மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டும்போதும் கோளாறு வந்து போனால் உருப்படியை மாற்றுமுன் ஈயத்தைப் பாருங்கள். கரண்டை எடுத்து, கண்டென்சரை இறக்கி, போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்தால் அந்த வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழசு மேலேயே இன்னொரு சொட்டு வைப்பது ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது.

எல்இடி டிவியில்

அதிகம் வருவது பேக்லைட். பத்து நிமிஷத்தில் திரை இருண்டுவிடும், சத்தம் வரும். அறையை இருட்டாக்கி, செல்ஃபோன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். உள்ளே படம் மங்கலாக ஓடுவது தெரிந்தால் பேனலும் (படம் வரும் திரை) மெயின் போர்டும் நலம்.

இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கினேன். வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு 32 இன்ச். டார்ச்சில் படம் தெரிந்தது, பவர் போர்டு சூடாக இருந்தது. உடனே அதை மாற்றினேன். மழை நாள், மூடியில்லாமல் முக்கால் மணி ஓடியது, கொடுத்து அனுப்பினேன். வெயில் அடித்த முதல் நாளே திரும்பி வந்தது. குற்றவாளி எல்இடி பட்டை. உள்ளே எல்இடிகள் மாலை மாதிரி தொடராகக் கோத்திருக்கும். அதில் ஒன்றின் உள்கம்பி சூட்டில் விலகினால் மாலை அறுந்த மாதிரி. பட்டைக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தைத் தள்ளப் பார்த்து வோல்டேஜை ஏற்றும், எல்லை தாண்டியதும் தானே அணைந்துகொள்ளும். நான் மீட்டரை வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பட்டைக்குப் போகும் கனெக்டரில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். அணையும் நொடியில் வோல்டேஜ் முதலில் எகிறி, பிறகு விழுந்தால் பட்டை. எகிறாமலேயே சரிந்தால் டிரைவர், பவர் போர்டு பக்கம். கவனம், அங்கே 100 வோல்ட்டைத் தாண்டியும் இருக்கும்.

பட்டையில் ஒரே ஓர் எல்இடியை மாற்றித் தரும் வேலையை நான் விட்டுவிட்டேன். மற்றவையும் அதே வயசுதான், வரிசையாகப் போகும். எல்லாப் பட்டையையும் மாற்றுவது மேல். 3 வோல்ட் வகையும் 6 வோல்ட் வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கலந்துவிடக் கூடாது. மாற்றிய கையோடு மெனுவில் பேக்லைட்டை 60, 70-க்கு இறக்கிவிடுங்கள். சூடு குறையும், ஆயுள் கூடும். படம் முழுக்க ஊதா, நீலம் ஏறியிருந்தாலும் பட்டைதான். எல்இடி மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சு சூட்டில் கெட்டுவிட்டது. அதைக் கலர் செட்டிங்கில் சரிசெய்யப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது, திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கத்துச் சலூன். மார்கழி காலையில் கடை திறந்து டிவி போட்டால் சிவப்பு விளக்கு மினுக்கும், கம்பெனிப் பெயர் வரும், அணையும், மறுபடி வரும். ஐந்தாறு தடவை. அப்புறம் படம் வந்தாலும் குறுக்கே நிழல் பட்டைகள் ஊரும். கால் மணியில் எல்லாம் மறைந்து இரவு வரை சுத்தமாக ஓடும். கடைக்காரத் தம்பி நான் போவதற்குள்ளேயே பாதி வேலையை முடித்திருந்தார். “அண்ணே, தலைக்குப் போடுற டிரையரை முதுகுல காட்டினேன், உடனே வந்துடுச்சு!” இதைவிட நல்ல டெஸ்ட் நானும் செய்திருக்க மாட்டேன். சூட்டில் சரியாகிறது என்றால் வற்றிப்போன கண்டென்சர். பவர் போர்டில் 12 வோல்ட் வெளிவரும் இடத்தில் 1000 மைக்ரோபாரட் இரண்டு. தலை உப்பவில்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. கண்டென்சரின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் 0.1 ஓமை ஒட்டி இருக்க வேண்டியது 2 ஓமைத் தாண்டிக் காட்டியது. 105 டிகிரி வகை, அதே மைக்ரோபாரட், அதே வோல்டேஜ் அல்லது கொஞ்சம் கூடுதல், பிளஸ் மைனஸ் பார்த்துப் போட்டேன். ஹீட் சிங்க்கை உரசிக்கொண்டு நின்றதைக் காலை நீட்டி நகர்த்தினேன். 10 டிகிரி குறைந்தால் கண்டென்சர் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

படம் சூடானபின் வெளுத்துப்போவது, போட்டோ நெகட்டிவ் மாதிரி ஆவது, ஆட்கள் நகரும்போது பின்னால் இழுபடுவது என்றால் டி-கான் போர்டு. படத்தைப் பேனலுக்குப் பிரித்துக் கொடுப்பது இது; பேனலுக்கு மேலோ கீழோ தகட்டுக்குள் இருக்கும் சின்னப் போர்டு. சில புது டிவியில் மெயின் போர்டிலேயே சேர்ந்திருக்கும். அதில் டெஸ்ட் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே அந்தந்த வோல்டேஜின் பெயர் அச்சடித்திருக்கும்: ஏவிடிடி சுமார் 15, 16 வோல்ட், விஜிஎச் இருபதுக்கு மேல், விஜிஎல் மைனஸில். குளிர்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். படம் கெட்டபின் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எது மாறியதோ அந்த வழியைப் பிடியுங்கள். பெரும்பாலும் விரிசல் விட்ட ஒரு செராமிக் கண்டென்சர் சூட்டில் கசிந்து வோல்டேஜை இழுத்துக்கொண்டிருக்கும், அதைக் குளிரவைத்தால் அந்த எண் பழையபடி ஏறும். எதுவுமே மாறாமல் படம் மட்டும் கெட்டால் பேனல் பக்கம் சந்தேகப்படுங்கள்.

மேலிருந்து கீழ்வரை மெல்லிய நேர்க்கோடு ஒன்று, சூட்டில் வந்தோ சூட்டில் மறைந்தோ விளையாடினால் பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இணைப்பு பிலிம் விலகியிருக்கிறது. ஓரத்தில் மெல்ல விரலை வைத்தால் கோடு மாறும். அதைச் சூடுபோட்டு ஒட்டும் மெஷின் இல்லாமல் சரிசெய்ய முடியாது, ரப்பர் துண்டு வைத்து அழுத்திக் கொடுப்பது சில வாரத்துக்குத்தான். புது பேனல் விலை டிவி விலையை நெருங்கும். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும்.

அரை மணியில் பென் டிரைவ் படமும் சத்தமும் சேர்ந்து உறைந்து, டிவி தானே மறுபடி ஸ்டார்ட் ஆனால் மெயின் போர்டு பிராசஸர். ஹீட் சிங்க் ஒட்டிய பசை காய்ந்திருக்கும், சுரண்டிவிட்டுப் புதுத் தெர்மல் பேஸ்ட் போட்டுப் பாருங்கள். பிராசஸரை ஹாட் ஏரில் சுட்டு உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை, வாடிக்கையாளர் வாசலில் நின்று திட்டுவதைக் கேட்கும் வயசு போய்விட்டது.

டியூப் டிவி இன்னும் இருந்தால்

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தின் 14 இன்ச் பெட்டிகள் இன்னும் ஒன்றிரண்டு அடுப்படியிலிருந்து வருகின்றன. சூடானபின் ஒற்றைக் கோடு என்றால் படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசியும் அதன் ஈயமும். படத்தின் மேல்பகுதி மடிந்து வெள்ளை வரிகள் ஓடினால் அந்த ஐசிக்குப் பக்கத்தில் நிற்கும் 100 மைக்ரோபாரட் கண்டென்சர், ஐசி இல்லை. கலர் மட்டும் போய்க் கறுப்பு வெள்ளையானால் கலர் சிக்னலுக்கான 4.43 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்குக் குளிர் காட்டிப் பாருங்கள். ஒரே நிறம் ஏறி, சாய்வாகக் கோடுகள் தெரிந்தால் பிக்சர் டியூப் கழுத்துப் போர்டில் இருக்கும் மூன்று டிரான்சிஸ்டர்களில் ஒன்று. டியூப் உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு, அப்படியானால் கதை முடிந்தது. கேபிள் சேனல் மெல்ல நழுவினால் சேனலைப் பிடிக்கும் டியூனருக்கு 33 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் ஜீனர் டயோடு.

கொடுத்து அனுப்புமுன்

மூடியை எல்லா ஸ்க்ரூவும் போட்டு மாட்டி, அட்டைப்பெட்டியையும் கவிழ்த்து, நோட்டில் எழுதிய நிமிஷத்தைப்போல் மூன்று மடங்காவது பக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு மணியில் வந்த கோளாறு என்றால் மூன்று மணி. பிறகு முழுக்க ஆறவிட்டு இன்னொரு தடவை. வீட்டில் மாட்டும்போது சுவருக்கும் முதுகுக்கும் நடுவே கை நுழைகிறதா, காற்று ஓட்டையில் பஞ்சு மாதிரி தூசு அடைத்திருக்கிறதா, கீழே சாமி விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன். மேற்குச் சுவரில் மாட்டியிருந்தால் மத்தியானத்துக்கு மேல் சுவரே அடுப்பு மாதிரி இருக்கும், வேறு சுவருக்கு மாற்றச் சொல்வேன். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், சோஃபா அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பார்கள்.

ஆயா டிவியில், வெர்டிகல் ஐசியின் ஒரு காலைச் சுற்றி வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி, காலைச் சுரண்டி, புதிதாக வைத்தேன், மற்றக் கால்களுக்கும் அப்படியே. கொண்டுபோய் மாட்டிவிட்டு ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அங்கேயே உட்கார்ந்து சீரியல் பார்த்தேன். மாமியார் ஏழு இருபதுக்கு வாய் திறந்தாள், மூடவே இல்லை.

“என்னா தம்பி மாத்துன?”

“ஒண்ணும் மாத்தல ஆயா. ஒரு சொட்டு ஈயம்.”

“ஒரு சொட்டு ஈயத்துக்கா மூணு தடவ ஆட்டோ?” என்று கேட்டுவிட்டு, எழுந்துபோய் ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். கூலியை அதில் கழித்துக்கொண்டார்.